மூன்று இதயங்கள் உள்ள நீல வாத்து

ஒரு படத்தைச் சிறு குழந்தைகள் பார்க்கலாமா என்று கருத்துச் சொல்லும் வேலையில், படத்தைப் பார்த்துவிட்டு வந்தவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விடை முன்பே தெரிந்திருக்கும். ஓய்வு பெற்றவர், படித்தவர், பகலில் வீட்டில் இருப்பவர் என்ற மூன்று குற்றங்களுக்காக இவ்வேலையில் மாட்டிக்கொண்ட வாசகர்களுக்கு என் நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கம் போதும்

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். அனுமந்தன்பட்டி தொடங்கிக் கூடலூர் வரை, ஒரே கதையை ஊருக்கு ஊர் எப்படி மாற்றிச் சொல்கிறார்கள் என்று பதிவு செய்து ஒப்பிடுவது என் ஆய்வு. அல்லிநகரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஜெபமணி டீச்சர் மழலையர் பள்ளி நடத்துகிறார். ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைத் தேனியில் ஒரு திரையரங்குக்கு அழைத்துச் செல்வது அங்கு வழக்கம். சென்ற ஆண்டு இடைவேளைக்கு முன்பே பாதி வகுப்பு அழுதுகொண்டு வெளியே வந்துவிட்டது. ஆகவே இம்முறை முன்னதாகப் பார்த்து எழுத்தில் கருத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கைப்பேசி விளையாட்டு ஒன்றிலிருந்து எடுத்த கார்ட்டூன் படம் அது. காணாமற்போன தங்கையை ஒரு நீல வாத்து தேடிப் போகிறது. கதைக்கூறுகளை அட்டவணையிட்டு, காட்சிகளை வகைப்படுத்தித் தருவதாகச் சொன்னேன். டீச்சர் கைகூப்பினார். "சார், ஆராய்ச்சியெல்லாம் வேணாம். கூட்டிட்டுப் போலாமா, கூடாதான்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பிள்ளைகளுக்கு முந்திப் பெத்தவுக அழுறாக."

நமத்துப்போன சாட்சி

காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். அச்சம் தரக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் நேரத்துடன் குறித்தேன். நெருப்புக் கக்கும் பூதம், இடிந்து விழும் பாலம், பற்களுள்ள கதவு என்று மொத்தம் பதினான்கு. விளையாட்டில் உள்ளதுபோலவே திரையின் மூலையில் மூன்று சிவப்பு இதயங்கள் தெரிகின்றன. வாத்து விழும்போதெல்லாம் ஒன்று அணைகிறது. மூன்றும் அணைந்ததும் திரை முழுவதும் இருண்டு, ஓசையும் நின்றுவிடுகிறது. பிறகு வாத்து எழுந்து நடக்கிறது.

அந்த இருட்டை நான் வீணாக்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் குறிப்புகளுக்கு வரிசை எண் இட்டேன். பக்கத்து இருக்கையில் குடும்பத்தோடு வந்திருந்த போடி ஏலக்காய் வியாபாரி எட்டிப் பார்த்தார். "தியேட்டருக்கு ரெய்டா வந்திருக்கீக? பாப்கார்னு நமத்துப் போயிருக்கு, அதையும் எழுதிக்கங்க."

மூன்று சொல்முறைகள்

படத்தை முன்பே பார்த்த மூன்று பிள்ளைகளைத் தெருவில் தேடிப் பிடித்து, தனித்தனியே கதை சொல்லச் சொன்னேன். எட்டு வயதுப் பையன் பூதத்தைப் பத்து மாடி உயரத்துக்கு வளர்த்தான். ஆறு வயதுப் பெண் பூதத்தையே நீக்கிவிட்டு, தங்கை வாத்தின் பாவாடை நிறத்தை மூன்று முறை சொன்னாள். நான்கு வயதுச் சிறுவனின் கதையில் முக்கால்வாசியும் பாலமாகவே இருந்தது.

கதைசொல்லிகளிடம் நான் கண்ட வரை, நீட்டிச் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு அச்சமில்லை. விரைந்து கடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மூவரும் ஒரே இடத்தை விரைந்து கடந்தார்கள். திரை இருண்ட இடம் அது. என் பதினான்கில் அது இல்லை. அப்போதுதான் நான் எண் இட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் இரண்டாம் முறையாகச் சீட்டு வாங்கிப் போய் அந்த இருட்டை அளந்தேன். ஏழு நொடி. நான்கு வயதுக்காரன் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வாத்து செத்துருச்சு. வந்துருச்சு. ஒண்ணுமில்ல, நீ எழுது."

ஆயிரம் முறை இறந்தவன்

எல்.கே.ஜி. வேண்டாம், யூ.கே.ஜி. போகலாம், திரை இருளும் இடத்தில் ஆசிரியைகள் அருகிலிருக்க வேண்டும் என்று எழுதினேன். பெற்றோர் வாட்ஸப் குழுவில் டீச்சர் அதைப் போட்டார். காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை, யூ.கே.ஜி. படிக்கும் கவினின் அப்பா, குரல் செய்தியில் பொங்கிவிட்டார். "எம் பய அந்த கேம்ல ஆயிரம் தடவ செத்துச் செத்து எந்திரிச்சவன். அவனப் போயி பக்கத்துல ஆள் வச்சுப் பாத்துக்கணும்ங்கிறீக!"

அட்டவணையில் இல்லாத கேள்வி

படத்துக்கு இரண்டு நாள் முன்பு முத்துலட்சுமி வந்தார். துணிக்கடையில் வேலை பார்ப்பவர். அவர் கணவர் குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்து ஓராண்டு நிறையவில்லை. யூ.கே.ஜி. படிக்கும் மகள் யாழினிக்கு ஐந்து வயது. அப்பா மலையில் வேலையாக இருப்பதாகத் தாய் சொல்லியிருந்தார்; சாமியிடம் போயிருப்பதாகப் பெரியம்மா; துபாயில் இருப்பதாக மாமா. ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே வீட்டில் மூன்று சொல்முறைகள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அப்பா போனதிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளியைத் தவிர வேறெங்கும் போக மறுத்தாள். இந்தப் படத்துக்குத்தான் முதன்முதலாகப் போகக் கேட்கிறாள். வேண்டாம் என்றால் மறுபடி கேட்பாளோ மாட்டாளோ. போகலாம் என்றால் வேறோர் அச்சம். முத்துலட்சுமி நின்றபடியே கேட்டார்: "அந்த வாத்து செத்து எந்திரிச்சு வருதுல்ல சார். எங்கப்பாவுக்கு இன்னும் எத்தன ஹார்ட்டு மிச்சமிருக்கும்மான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

ஏழு நொடி

டீச்சரின் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அதில் யாழினி பெயருக்கு எதிரே போகலாம் என்றோ கூடாது என்றோ எழுதவில்லை. தாயும் உடன் வர டீச்சரிடம் ஓர் இடம் கேட்டேன். முத்துலட்சுமி கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் பிள்ளைகளுக்குப் பின்வரிசையில் அமர்ந்தோம்.

பூதம் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பாலம் இடிந்தபோது சிரித்தார்கள். மூன்றாவது இதயம் அணைந்து திரை இருண்டது. நான் எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது நொடியில் ஒரு பையன் வீறிட்டு அழுதான். ஆயிரம் முறை இறந்து எழுந்த கவின். டீச்சர் எழுவதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து யாழினியின் குரல் கேட்டது: "அழாதடா, அது கேம் வாத்து, இப்ப வந்துரும். எங்கப்பாதான் வர மாட்டாக."

வாத்து எழுந்தது. யாழினி கவினின் கையை விட்டுவிட்டு முறுக்கைக் கடித்தாள். அதன் பிறகு முத்துலட்சுமி திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் தெரிந்த அந்தச் சிறிய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "இத நாங்க யாருமே அவகிட்டச் சொல்லல சார். எங்க மூணு பேருக்காகத்தான் இத்தன நாளா வாயைத் திறக்காம இருந்திருக்கா."

ஒரு படம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்று நாம் பதினான்கு இடங்களைக் குறித்து முடிப்பதற்குள், நாம் சொல்லிவைத்த கதைகளில் எது நம்பத்தக்கது என்று அவர்கள் ஒப்பிட்டு முடித்திருப்பார்கள்.