டிராக்டருக்குக் கட்டிய கோவணம்

திருவொற்றியூருக்கு வடக்கே தொழிற்சாலை கட்டுவதற்காகப் பனங்காட்டை அழித்தபோது, சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சின்ன டிராக்டர் ஒன்றை நான்தான் ஓட்டினேன். முன்சக்கரங்களைத் திருப்பும் ராடு அதன் வயிற்றுக்குக் கீழே தாழத் தொங்கும். மணலுக்குள் ஒளிந்திருந்த பனங்கட்டை ஒன்று அதை வளைத்துவிட்டது. வேறு ராடு கப்பலில் வரும்வரை வண்டியும் படுத்தது, என் வீட்டு அடுப்பில் பூனையும் படுத்தது.

புது ராடு மாட்டிய அன்று, துறைமுகத்தில் இரும்படிக்கும் என் சிநேகிதன் ராயபுரத்திலிருந்து ஒரு தகட்டைச் சுமந்து வந்தான். உடைத்த கப்பலின் நிலக்கரி அறைக் கதவு அது. முறம்போல வளைத்து ராடுக்குக் கீழே போல்ட் போட்டு முடுக்கினான்.

"வண்டிக்குக் கோமணம் கட்டிக்கீறேன். இனிமே தெகிரியமா ஓட்டு," என்றான்.

கூலியாட்கள் சிரித்தார்கள். எனக்கோ எரிச்சல். தகட்டில் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது. அள்ளிக் கொட்டும்போதெல்லாம் அவனைத் திட்டினேன்.

ஒருநாள் அடியில் மணி அடித்ததுபோல் ஓசை கேட்டது. பதறிக் குதித்துக் குனிந்து பார்த்தேன். புதைந்திருந்த எல்லைக்கல் தகட்டைக் குழித்திருந்தது. ராடில் ஒரு கீறல்கூட இல்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆயுத பூஜைக்கு எல்லாரும் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். மாதா கோயிலுக்குப் போகிற என் சிநேகிதன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, கோமணத்துக்கெல்லாமா பொட்டு?"

"வூட்ல ஒலை கொதிக்கிறதே இத்தாலதான்டா," என்றேன்.