இரட்டை அறையில் ஒற்றை ஆள்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது 'எங்கே போறீங்க' என்று அல்ல, 'எத்தனை பேர்' என்றுதான். 'ஒருத்தர்' என்று பதில் வந்தால் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்போம்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலையில் இருந்தேன். வீடு அங்கேயே சாரம் பகுதியில், நானும் அம்மாவும். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது பதினைந்து வயதிலிருந்தே தெரியும். இப்போது தன்பாலீர்ப்பாளர் என்று நல்ல சொல் வந்திருக்கிறது. அப்போது என்னிடம் அதுகூட இல்லை. 'ஜாதகம் பாத்துக்கிட்டிருக்காங்க' என்ற ஒரு வாக்கியம்தான் இருந்தது. யார் எது கேட்டாலும் அதைச் சொல்லிவிடுவேன். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து, எதிர் நாற்காலி சும்மா இருப்பது பொறுக்காமல் அதில் பையைத் தூக்கி வைத்தவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பதினொரு பேர் வீடு

ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். அந்தமானுக்குத் தனியாக ஒரு வாரம் போக வேண்டும் என்றார். சுனாமிக்குப் பிறகு அந்தமான் என்றாலே ஆட்கள் யோசித்த காலம். அதில் தனியாக ஒரு பெண். போர்ட் பிளேரில் நாங்கள் வழக்கமாக அறை எடுக்கும் ஓட்டலுக்குப் போன் போட்டேன். "சிங்கிள் லேடிக்கு ரூம் தர்றதில்ல சார்" என்றார்கள். அடுத்ததிலும் அதே பதில்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சங்கடம். அடுத்த மாதம் முப்பது பேர் குரூப் ஒன்று போகிறது, நல்ல குடும்பங்கள், அவர்களோடு போனால் பாதுகாப்பு என்று சொன்னேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கூட்டத்தோட இருக்கணும்னா நான் வீட்டுலயே இருந்துருப்பனே தம்பி. எங்க வீட்டுல பதினோரு பேரு."

மூன்றாவது ஓட்டலில் அறை கிடைத்தது.

கட்டில்

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இரண்டு பேர் ஒரு மதியம் வந்தார்கள். ஒருவர் ஆண் நர்ஸ், மற்றவர் லேப்பில் இருப்பவர். கேரளாவில் படகு வீடு, நான்கு நாள். உயரமானவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார், "நாங்க பிரெண்ட்ஸ் சார்." நான் கேட்கவே இல்லை. "ரெண்டு கட்டில் ரூமு" என்று இரண்டு முறை சொன்னார். பக்கத்து மேஜையில் இருந்த கலா அக்கா, எங்கள் ஆபீசில் கணக்கும் டைப்பிங்கும் பார்ப்பவர், தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் உயரமானவரின் குரல் கலா அக்காவுக்காகத்தான் உயர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. அப்படிக் குரல் உயர்த்தி எனக்கும் பழக்கம்.

எழுதும்போது கை நின்றது. ஒரு கட்டில் என்று எழுதினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சாயங்காலம் வரை பயமாக இருந்தது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் நாளைக்கு ஆபீசில் வந்து சண்டை போடுவார்கள். மறுநாள் காலையில் வவுச்சர் வாங்க மற்றவர், அதிகம் பேசாதவர், தனியாக வந்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சார், கட்டிலு ஒண்ணு போட்டுருக்கீங்களா, ரெண்டா?"

"ஒண்ணு. மாத்தணுமா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

மொழிபெயர்ப்பு

ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர் திரும்பிப் போகும் டிக்கெட்டின் தேதியை மாற்ற வந்தார். ஐம்பதை நெருங்கியவர். வேலை முடிந்ததும், வெள்ளைக்காரர்களுக்காகச் சமைக்காத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கும் சாப்பாட்டு நேரம். நான் தினமும் சாப்பிடும் முதலியார்பேட்டை மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன்.

போகிற வழியில், மழை வருமா என்று கேட்கிற குரலில், அவர் சொன்னார்: நானும் என் ஆளும் ரெயூனியோன் தீவுக்குப் போவதாக இருந்தது, பன்னிரண்டு வருஷம் ஒன்றாக இருந்தோம், அவன் விட்டுப் போய்விட்டான், அந்தத் தீவுக்குத் தனியாகப் போக மனசு வரவில்லை, அதனால் இங்கே வந்தேன். இப்படி ஒரு விஷயத்தை ரோட்டில் நடந்துகொண்டே சொல்ல முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

மெஸ் நடத்துகிற சரோஜா அம்மா இலை போட்டு, சங்கரா மீன் குழம்பை ஊற்றி, ஒலிவியே கையால் பிசைவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "பொண்டாட்டியக் கூட்டி வரலியான்னு கேளு" என்றார். கேட்டேன். "எனக்கு மனைவி இல்லை. ஒரு ஆண் இருந்தான், இப்போது இல்லை என்று சொல்லுங்கள்" என்றார் ஒலிவியே. மிகச் சுலபமான வாக்கியம். தமிழில் பத்துச் சொல்கூட வராது. "அவருக்குக் கல்யாணம் ஆவலம்மா" என்றேன்.

ஒலிவியே என்னையும் சரோஜா அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார், சரியாகச் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில். அவருக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது. சரோஜா அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப உன்ன மாதிரின்னு சொல்லு."

மேடம் வர்றாங்களா

அந்த வருஷம் அந்தமான் பேக்கேஜை அதிகம் விற்றதற்காக, ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் எங்கள் ஆபீசுக்கு நான்கு நாள் இலவசத் தங்கல் கொடுத்தது. இரண்டு பேருக்கு. முதலாளி அதை எனக்குக் கொடுத்தார். "கல்யாணத்த முடிச்சிட்டுப் போயேன்" என்றார். சும்மா சொல்லவில்லை. கலா அக்காவின் தங்கைக்கும் எனக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கலா அக்காவின் அம்மா இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். என் அம்மா மூன்றாவது முறைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சீசன் முடிவதற்குள் போக வேண்டும் என்று சொல்லித் தனியாகக் கிளம்பிவிட்டேன்.

அறைக் கதவைத் திறந்தால், கட்டிலில் துண்டை மடித்து இரண்டு அன்னப்பறவை செய்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் செம்பருத்தி. ஒன்றை எடுத்துப் பிரித்துக் குளிக்கப் போனேன். மற்றதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அதையும் பிரித்துவிட்டேன். சாப்பாட்டுக்கு மணலில் மேஜை. இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ். சுற்றிலும் புது ஜோடிகள். பாதிப் பேருக்கு நானே டிக்கெட் போட்டிருக்கலாம். சூப்பைக் கொண்டுவந்தவர் மதுரைக்காரர். ஊற்றாமல் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: "மேடம் வந்துரட்டும், சேந்தே ஊத்தட்டுங்களா சார்?"

இன்னொரு துண்டு

மறுநாள் ரிசார்ட்டில் சாப்பிடவில்லை. கடைத்தெருவுக்கு நடந்தேன். ஒரு வங்காளிக் குடும்பம் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, நீளப் பெஞ்சு. பெஞ்சில் எதிர் நாற்காலி என்ற தொல்லை இல்லை. யாராவது வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சோறு, பருப்பு, கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு. முதல் வாயில் கடுகு மூக்கில் ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி, "பழகிடுங்க" என்றார், தமிழில்.

ஏழுமலை. சொந்த ஊர் கடலூர் முதுநகர். போர்ட் பிளேரில் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள். படகு இன்ஜின் ரிப்பேர் வேலையாக ஹேவ்லாக்குக்கு வந்திருந்தார். (நீங்கள் எதிர்பார்க்கிற கதை இது இல்லை.) பாண்டிக்காரன் என்றதும் ஊர்க் கதையெல்லாம் கேட்டார். அடுத்த நாளும் அதே பெஞ்சில் பார்த்துக்கொண்டோம். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அது புது ஜோடிங்க வர்ற எடமாச்சே. வீட்டுல வரலீங்களா?"

ஜாதக வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத கடை. இன்னும் இரண்டு நாளில் கப்பல் ஏறிப் போய்விடுவேன். அந்தத் தைரியமாக இருக்கலாம். "எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்லீங்க. ஆம்பளைங்க மேலதான். வீட்டுக்குத் தெரியாது" என்றேன். குனிந்து சோற்றைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து போவார், அல்லது சிரிப்பார், அல்லது கொஞ்சம் தள்ளி உட்காருவார் என்று காத்திருந்தேன். அவர் பிசைந்துகொண்டிருந்த கை மட்டும் நின்றது. "அம்மா இருக்காங்களா?" என்றார். இருக்காங்க என்றேன். "ம்" என்றார். பிறகு என் தட்டைப் பார்த்துக் கேட்டார்: "மீனு இன்னொரு துண்டு சொல்லட்டா?"

மூன்றாம் நாள்

அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் மதியம் ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். முந்தின இரண்டு நாளும் அவர் அந்நேரம் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். ஆளைக் காணோம். ஒன்றரை. கடைக்கார அம்மா இரண்டு முறை தட்டைக் காட்டிக் கேட்டார். அப்புறம் என்று கை காட்டினேன். இரண்டு மணிக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று மரியாதைக்குச் சாப்பிட்டிருக்கிறார். அறைக்குப் போய் யோசித்திருப்பார். நினைத்து நினைத்து, சொன்ன வாயை எனக்கே பிடிக்காமல் போயிற்று.

இரண்டரைக்கு அவர் வந்தார். சட்டை முழுக்க ஆயில். என்னைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை 'ங்க' போட்டுப் பேசியவர் சொன்னார்: "கடல்ல இன்ஜினு நின்னுபோச்சுப்பா, தள்ளிக்கிட்டு வர்றோம். நீ இன்னும் சாப்புடலியா?"

பொருந்தாத ஜாதகம்

திரும்பி வந்த முதல் நாளே கலா அக்காவை ஆபீஸ் பக்கத்து டீக்கடைக்குக் கூப்பிட்டேன். தங்கச்சிக்கு வேறு இடம் பாருங்கள் என்றேன். காரணம் கேட்டார். ஹேவ்லாக்கில் சொன்னதையே சொன்னேன். இந்த முறை குனியவில்லை. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பைலை மேஜையில் வைப்பார், போய்விடுவார். கோபம் நியாயம்தான். அவர் தங்கை ஐந்து மாதமாகக் காத்திருந்தாள், நான் ஐந்து மாதமும் சும்மா இருந்தேன். முதலாளி காதுக்குப் போகும், வேலை போகும் என்று தினமும் பயந்தேன். போகவில்லை. எட்டாவது நாள் அவரே என் மேஜைக்கு வந்து, நான் எழுதியதில் ஒரு பிழையைக் காட்டுவது போலக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "ஜாதகம் பொருந்தலன்னு வீட்டுல சொல்லிட்டன் பாஸ்கரு. ரெண்டு வாட்டி போயி பஜ்ஜி சாப்ட்டப்ப பொருந்துன ஜாதகம் இப்ப எப்பிடிடி பொருந்தாமப் போச்சின்னு எங்கம்மா கேக்குது."

அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று; ஆபீசிலிருந்து நாலு எட்டு தள்ளியிருக்கும் டீக்கடையில் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லிப் பழக எனக்கு ஒரு கடலைத் தாண்டிப் போய் வர வேண்டியிருந்தது என்றால், தூரத்தைப் பற்றி டிராவல்ஸ்காரனுக்கு அதிகம் தெரியாது என்றுதான் அர்த்தம்.