அட்டை கிழிந்த புத்தகமும் பிளஸ்ஸியின் பெஞ்சும்

தவசிமுத்துவுக்கு அந்தக் கல்லூரி கேட்டின் மேல் ஒன்பது வருடக் கோபம். ராஜபாளையத்துத் தன் பழைய பேப்பர் கடையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அவ்வளவு தூரம் பேப்பர் எடுக்கப் போனால், வாட்ச்மேன் வேல்சாமி, "பேப்பர்காரரே, அங்கனயே நில்லும்" என்பார். ஒரு நாள்கூட உள்ளே கால் வைத்ததில்லை. அஞ்சாம் வகுப்பு என்று என் நெற்றியிலா ஒட்டியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே திரும்புவார்.

பழைய பேப்பர் மூட்டையைக் கல்லூரிக்குள்ளிருந்து கேட்டுக்கு இழுத்து வருகிறவள் பிளஸ்ஸி. மம்சாபுரத்துக்காரி. விடுதி மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. பன்னிரண்டாவதோடு நின்ற படிப்பை முப்பத்திரண்டு வயதில் தூசி தட்டி, அதே கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். காலையில் இட்லி வைத்த பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பத்து மணிக்குப் போய் உட்காருவாள். "சாம்பார் வாளி எங்க, அக்கா?" என்று கேலி செய்தவனிடம், "மத்தியானம் வரும்லே, இப்ப பாடத்தைக் கவனி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து பேப்பர் குவியலில் புத்தகம் பொறுக்குவாள். அப்படிக் கிடைத்தது ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களைப் பற்றியது. படங்களுக்கு அடியில் 1893, 1895 என்று போட்டிருந்தது.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. ஏரியில படகு வலிக்காளுவ. இந்தா, பந்து விளையாடுதாளுவ."

"தரை கூட்டுற பாவாடையோடயா? தடுக்கி விழுந்து பல்லு போயிருக்குமேட்டி!"

"விழுந்திருப்பாளுவ, எந்திரிச்சிருப்பாளுவ. இதைக் கேளுங்க. படிக்கிற அம்புட்டு பேரும் தினம் ஒரு மணி நேரம் வேலை செய்யணுமாம். ரொட்டி அறுக்கணும், தட்டு கழுவணும். பணக்கார வீட்டுப் பிள்ளையும் தப்ப முடியாது. பொறவு சாயங்காலம் மன்றத்துல ஏறி நின்னு வாதாடுவாளுவ. நீ தட்டு கழுவுனவதானன்னு எவளும் இறக்கி விடல."

அடுத்த மாதமே வந்தது வினை. சோறு போடுகிறவள் எங்கள் பிள்ளையோடு சரிசமமாக உட்காருவதா என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள். கல்லூரிச் செயலர் கூப்பிட்டார். கரண்டியா, பெஞ்சா, திங்கட்கிழமைக்குள் சொல் என்றார். பிளஸ்ஸி புத்தகத்தை மேசையில் விரித்தாள். அவர் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"அட்டை எங்க? பேரு எங்க? குப்பையில பொறுக்குனதை வச்சு எனக்கே பாடம் எடுக்கியா?"

அவள் வந்து சொன்னபோது தவசிமுத்துவின் முகம் செத்துப்போனது. கிழித்தது அவர்தான். கெட்டி அட்டை தனி எடை, தாள் தனி எடை. எந்தப் புத்தகம் வந்தாலும் கை முதலில் அட்டையைத்தான் பிய்க்கும். பேர் போட்ட முதல் தாளும் பசையோடு சேர்ந்து போயிருக்கிறது. அட்டைக் கட்டுகளோ திங்கட்கிழமை சிவகாசி லாரியில் ஏற வேண்டியவை.

"பேசாம மெஸ் வேலையை விட்டுரு தாயி. படிப்பாவது மிஞ்சும்."

"எதுக்கு விடணும்? ரெண்டும் என்னுது, அண்ணாச்சி. ரெண்டையும் நான் விட மாட்டேன்."

அவர் கட்டி வைத்த அட்டைக் கட்டுகளையெல்லாம் அறுத்துக் கொட்டித் தேடினார். இரண்டு நாள் யாவாரம் இல்லை. லாரிக்காரன் வந்து கத்தினான். "போலே, நாளைக்கு வா" என்று விரட்டினார். திங்கள் பத்து மணிக்கு, அடியில் கிடந்த கட்டுக்குள், முதல் தாள் தொங்க அந்தப் புத்தகத்தின் நீல அட்டை அகப்பட்டது.

வண்டியை முறுக்கிக் கல்லூரி கேட்டுக்குப் போனார்.

"பேப்பர்காரரே, அங்கனயே..."

"ஒன்பது வருசமா நிக்கேன்யா! கால் வலிக்கு!"

சத்தம் கேட்டு பிளஸ்ஸி வந்தாள். அட்டையைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தாள். கிழிசலும் கிழிசலும் அச்சாகப் பொருந்தின.

"கொண்டு போய் அந்தச் செயலரு மூஞ்சிக்கு நேரா காட்டு" என்றார் தவசிமுத்து.

"எங்கயோ கிடந்த அட்டைய ஒட்டிட்டு வந்துட்டேம்பாரு. கிழிச்சவரு நீங்க வந்து சொல்லணும்."

"நானா? உள்ளயா?"

அவள் வேல்சாமியிடம் திரும்பினாள். "இவிய என் சாட்சி. கதவைத் தொறங்க."

வேல்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திறந்தார். செயலர் அறை வாசலில் தவசிமுத்து செருப்பைக் கழற்றக் குனிந்தார். பிளஸ்ஸி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செருப்பு காலுலயே கிடக்கட்டும் அண்ணாச்சி. உள்ள நாற்காலி இருக்கு. அவரு உக்காரச் சொல்லட்டும்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க. நீங்களே இழுத்துப் போட்டு உக்காந்துருங்க."