அந்தத் தாய் சொல்லாத பதில்

ஒரு தாய் சொல்லாததை அவள் சொன்னதாக மொழிபெயர்த்தேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே செய்தேன்.

சுவிஸில், பாடன் நகரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் பெற்றோர் கூட்டங்களில் மொழிபெயர்க்கப் போய்வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, நான் ஒருவரோடு முகம் பார்த்துத் தமிழில் கதைப்பது அந்த வேலையில் மட்டும்தான். டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்தில் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஜெர்மன் படித்தவன் நான். பிழையில்லாமல் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் செருக்கும் உண்டு.

ஒரு கூட்டத்துக்குப் பல் சுகாதாரம் பற்றிச் சொல்ல ஒரு பெண் வந்திருந்தார். காலை ஒன்பது மணிச் சாப்பாட்டுக்கு பிஸ்கட் வேண்டாம், கரட்டோ அப்பிளோ கொடுத்துவிடுங்கள். குடிக்க சர்பத் மாதிரியான இனிப்புச் சிரப் வேண்டாம், தண்ணீர் போதும். விழுகிற பல்தானே என்று பால்பல்லை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் நல்ல தமிழில் சொன்னேன். கடைசியாக அவர், பல் துலக்கிய பிறகு படுக்கையில் 'ஷொப்பன்' கூடவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். என் புத்தக ஜெர்மனில் ஷொப்பன் என்றால் ஒரு கிளாஸ் வைன். சபையில் வைத்து எங்கள் ஆட்களைக் குடிகாரர் என்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்த வசனத்தை விழுங்கினேன். என்ன பொருள் என்று திருப்பிக் கேட்க என் படிப்பு விடவில்லை.

முன் வரிசையில் இருந்த தாய் விடவில்லை. "ஐயா, உவ கடைசியாய் என்னவோ அழுத்திச் சொன்னவ. என்ன அது?"

"அது குடிக்கிற ஆக்களுக்கு, பிள்ளை. உங்களுக்கில்லை."

அவள் பக்கத்தில் இருந்த கணவனை முழங்கையால் இடித்தாள். "அப்ப இவருக்குத்தான். வடிவாய்க் கேளுங்கோ."

"பியருக்குப் பல்லு விழுமெண்டால் நான் எப்பவோ பொக்கையன்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பெண்ணும் சிரித்தார்.

சில கிழமைகளின் பின் ஒரு கடையில், குழந்தைச் சாமான்கள் அடுக்கிய தட்டில் அதே சொல்லைக் கண்டேன். இந்த நாட்டில் ஷொப்பன் என்பது பிள்ளைகளின் பால்போத்தல். பிள்ளை வளர்த்த எவருக்கும் அது தெரிந்திருக்கும். அன்றைக்கே தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்றேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்றேன்.

அடுத்த வருடம் காப்பகத்தில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்தத் தாயின் மகளுக்கு, மயக்க மருந்து கொடுத்து, மேல் முன்பற்கள் நான்கையும் எடுத்திருந்தார்கள். இரவு முழுக்கச் சீனிப்பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கிய பிள்ளை. "படுக்கையில் போத்தல் வேண்டாம் என்று போன வருடமே எச்சரித்தோமே" என்றார் பொறுப்பாளர். அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"சத்தியமாய் எனக்கு ஒருத்தரும் உதைச் சொல்லேல்லை ஐயா. தெரிஞ்சால் குடுப்பனே? நீங்களும் இருந்தனீங்கள்தானே, சொல்லுங்கோ இவைக்கு."

நான் பொறுப்பாளரின் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னேன்: "தான் மறந்துவிட்டதாகச் சொல்கிறார். மன்னிப்புக் கேட்கிறார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் தனக்காகச் சாட்சி சொன்னேன் என்று நினைத்து, அந்தத் தாய் என்னை நன்றியோடு பார்த்தாள்.

பத்து நாள் அந்தப் பார்வையோடு இருந்தேன். பிறகு நடந்ததை முழுவதும் பொறுப்பாளருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"அப்ப இவ்வளவு நாளும் அவையின்ரை கண்ணிலை நான் பிள்ளை பாக்கத் தெரியாதவள்?"

"எழுதிக் குடுத்திட்டன் பிள்ளை. மாத்துவினம்."

"எங்கடை ஆளெண்டு நம்பினனான் ஐயா" என்றாள். கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

காப்பகம் தன் பதிவைத் திருத்தியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் அனுப்பியது. என்னை அதன் பிறகு மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கடிதம் வந்தது. தங்கச்சி வாசிச்சுச் சொன்னவள்." அவ்வளவுதான். பிள்ளை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டு எழுதினேன். வாசித்ததற்கான அடையாளம் உடனே விழுந்தது. பதில் வரவில்லை.