குதிரை இல்லாத எதிராளி

அண்ணன் ஜேர்மனிக்குப் போனபோது வீட்டில் எல்லோரும் அழுதோம். என் அழுகையில் பாதி, இனி யாரோடு செஸ் விளையாடுவது என்பதற்காக. புங்குடுதீவில் எங்கள் பக்கத்தில் செஸ் தெரிந்தவர்கள் வாசிகசாலையில்தான் இருந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகள் பேப்பர் பார்க்கலாம், புத்தகம் எடுக்கலாம். பலகைக்கு முன்னால் உட்காரமுடியாது. போவதற்கு முன் அண்ணன் எனக்காக ஒருமுறை கேட்டுப் பார்த்தான். அங்கே எல்லோரையும் வெல்லுகிற தபாற்கந்தோர்க் கிளாக்கர், "பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பொறுமை காணாது தம்பி" என்றாராம். ஒருநாள் எங்கள் குசினியில் வந்து அடுப்பு ஊதியிருந்தால் பொறுமை எது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் செஸ் கொம்பியூட்டர் ஒன்று கொடுத்துவிட்டான். நாம் காயைப் பலகையில் அழுத்தி வைத்தால், தன் காயை எங்கே வைக்கவேண்டும் என்று அது சின்னச் சிவப்பு விளக்குகளால் காட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி யாருடைய தயவும் தேவையில்லை என்று நினைத்தேன்.

சுலபமான முதல் நிலையில் அது தன் ராணியைக் கொண்டுவந்து என் வாய்க்குள் போட்டது. வென்றதே வெட்கமாக இருந்தது. இரண்டாம் நிலைக்கு மாற்றினேன். கோழி குப்பையைக் கிளறுவதுபோல என் காய்களைக் கிளறி எறிந்தது. இடையில் வேறு நிலை இல்லை. தோற்றுத் தோற்று, கிளாக்கர் சொன்னது சரிதானோ என்றுகூட நினைக்கத் தொடங்கினேன். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

"வாயில்லாச் சாமானோட உனக்கென்னடி சண்டை?" என்று அம்மா பேசினார். "வெல்ல ஏலாட்டி அதின்ரை கையைக் காலைக் கட்டிப்போட்டு விளையாடன்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் உடனே இரண்டாம் நிலையிலேயே, காய் நீக்கும் பொத்தானை அழுத்தி, அதன் ராணியை எடுத்துவிட்டு விளையாடினேன். சுலபமாக வென்றேன். ராணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு குதிரையை மட்டும் எடுத்தேன். அப்போதுதான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. ஒருநாள் அது, ஒருநாள் நான்.

கொம்பியூட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு பின்னேரம் கிளாக்கரே வந்துவிட்டார். கதிரையை இழுத்துப்போட்டு இரண்டாம் நிலையில் விளையாடித் தோற்றார். மறுபடி தோற்றார்.

"இதிலை ஏதோ பிழை கிடக்கு" என்றார்.

"அதின்ரை குதிரையொண்டை எடுத்துப்போட்டு விளையாடிப் பாருங்கோ அண்ணை. நான் அப்பிடித்தான்."

முகம் கறுத்தது. ஆனாலும் எடுத்தார். அந்த ஆட்டத்தில் மயிரிழையில் வென்றார், அடுத்ததில் தோற்றார்.

"நீர் எப்பிடி, வெல்லுவீரோ?"

"உங்களைப் போலத்தான். வெல்லுறதும் உண்டு, தோக்கிறதும் உண்டு."

அவர் சுவிற்சை நிற்பாட்டினார். எடுத்து வைத்த குதிரையைப் பலகையில் வைத்தார்.

"பற்றரியை ஏன் வீணாக்குவான்? நீர் வெள்ளையை எடும்."

நான் வெள்ளைக் காய்களை அடுக்கினேன். அம்மா விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து வைத்தபோதும் ஆட்டம் முடியவில்லை. கடைசியில் நான் வென்றேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு பெண்ணிடம் தோற்ற மனிதர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். ஏன் வென்றேன் என்று இருந்தது.

படலையைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளை எனக்கு."