கண்ணிமைக்குமுன் திறந்த ஆமை

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, மழைக்காலம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் அக்காவான மூத்த பரிசோதகர் அந்த மென்பொருள்காரரை முதன்முதலாகக் கண்டபோது, கூடத்தின் அறிக்கைகளை அச்சிடத் தாம் எழுதிய மென்பொருள் திரையில் திறப்பதற்காக அவர் காத்திருந்தார். அது திறப்பதற்குள் அக்கா இரண்டு பேருக்கு இரத்தம் எடுத்துவிட்டார். அன்றே மென்பொருளுக்கு ஆமை என்றும் அவருக்கு ஆமைக்காரர் என்றும் பெயர் விழுந்தது.

கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஆமை பேசும் மொழி கணினிக்குத் தெரியாது, அதனால் எங்கே போனாலும் கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர் போகவேண்டும், அந்த ஆள் எழுந்து சோம்பல் முறித்த பிறகே கணினிக்கு எதுவும் புரியும் என்று சிரித்துக்கொண்டே விளக்குவார்.

ஆமை வந்த ஒன்பதாம் ஆண்டில் தலைமை மருத்துவர் பொறுமை இழந்தார். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஆமை ஓடாவிட்டால் வேறொன்றை வாங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். ஆமைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. பிழைப்புக்கு அவருக்கு வேறு வேலை இருந்தது. ஆனால் தனியொருவராக எழுதி முடித்தது இது ஒன்றுதான்.

வெள்ளி காலையில், மென்பொருள் முழுவதையும் கணினியின் சொந்த மொழிக்கே முன்கூட்டி மாற்றி, ஒரே கோப்பாகக் கொண்டுவந்தார். அக்கா சொடுக்கினார். விரலை எடுப்பதற்குள் திறந்து நின்றது. அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சர்க்கரை அறிக்கையை அச்சிட்டார்: வெள்ளைத்தாள். கொழுப்பு அறிக்கை: அதுவும் வெள்ளைத்தாள்.

“வேகமெல்லாம் பிரமாதம் தம்பி. ஆனா யார் ரத்தத்துலயும் ஒண்ணுமே இல்லையாம்.”

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் திடீரெனத் துள்ளி எழுந்தார். பட்டியலில் ஓர் அறிக்கையைத் தேர்ந்தெடுத்த பிறகே அதன் படிவம் பெயர் சொல்லி அழைக்கப்படும்படி அவர் எழுதியிருந்தார். மென்பொருளைக் கணினி மொழிக்கு மாற்றித்தந்த கருவியோ, இவற்றை யாருமே அழைக்கவில்லை என்று எண்ணி, அத்தனை படிவங்களையும் கழித்துக்கட்டியிருந்தது.

“தப்பு என்னோடதுதான்கா. இவங்கல்லாம் வேணும்னு நான் அதுகிட்ட சொல்லவே இல்ல.”

“அப்ப சொல்லுங்க. மணி பதினொண்ணரை ஆயிடுச்சு.”

படிவங்களின் பெயர்களையெல்லாம் எழுதிச் சேர்த்து, கருவியை மறுபடியும் ஓட்டினார். அது பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதுவரை அவர் நடைவழியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்ததைக் கண்டு, ஊசிக்குப் பயப்படுகிறார் என்றெண்ணி, காத்திருந்த முதியவர் ஒருவர் அவருக்குத் தைரியம் சொன்னார். அவரும் பணிவாக நன்றி கூறினார்.

பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் அச்சுப்பொறி எண்களாகக் கக்கியது. தலைமை மருத்துவர் தாமே சொடுக்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் சொடுக்கினார். ஆமையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆமைக்காரரோ மென்பொருளை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பத்துத் தடவைக்கு மேல் ஆகியும் ஆசை அடங்கவில்லை. கிளம்பும்போது, கடன் கேட்பவரைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இதைவிட மோசமான கம்ப்யூட்டர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?”