வாய்க்காலுக்கு மேலே ஒரு ரோடு

எங்கள் குடும்பம் முதன்முதலாக மனை பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார்புரத்திலிருந்து இலவச வேன், மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், சொந்த வீடு என்பது அம்மாவுக்குப் பல வருடப் பேச்சு. எனக்குப் பாயசம் போதும்.

இடம் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடத்துப் பக்கம். அது அத்தையின் வயலுக்கு அடுத்த நிலம் என்பதை அப்பா வேன் ஏறும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அத்தை, அப்பாவின் தங்கை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நெல்லை விட்டு வாழைக்கும், பிறகு மனைக்கும் மாறிய பின்னும் நெல்லே நட்டவள். பிழைக்கத் தெரியாதவள் என்று எங்கள் வீட்டில் அன்போடு சொல்வார்கள்.

மனைக்குச் சற்று முன்னாலேயே வேன் நின்றுவிட்டது. புது மண்ரோட்டை அத்தை குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மூடி, அதன் மேலேயே ரோட்டை இழுத்திருந்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் ஆழப் பள்ளத்தில் மண்வெட்டியோடு நின்றாள். சாப்பாட்டுப் பந்தல் அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு அத்தை மேல்தான் கோபம் வந்தது.

"அம்மா, பார்ட்டிங்க வந்துட்டாங்க. சாயங்காலம் பேசிக்கலாம்," என்றார் மனை விற்பவர் அத்தையிடம்.

"கதிரு பால் பிடிக்கிற நேரம், தண்ணி நிக்கணும். அதுகிட்டயும் சாயங்காலம்னு சொல்லிப் பாருங்க." மண்வெட்டி நிற்கவில்லை.

வேனில் வந்த ஒருவர், ரேஷனில் அரிசி சும்மா தருகிற காலத்தில் இவ்வளவு வீம்பு எதற்கு என்று கேட்டார்.

"சும்மா தராங்க, சரி. அவங்களுக்கு யாருங்க தரா?" என்றாள் அத்தை.

போலீசைக் கூப்பிடுவேன் என்றார் மனைக்காரர். வரட்டும், நான் எங்கும் போகவில்லை என்றாள். அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். "வாங்கண்ணே," என்றாள், வீட்டுக்கு வந்தவரை அழைப்பது போல. அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா, கல் நட்டிருந்த மனைகளை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். பிறகு கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, அத்தை வெட்டிய மண்ணை இரண்டு கையாலும் வாரி வெளியே போடத் தொடங்கினாள். நீங்கள் மனை வாங்க வந்தவராயிற்றே என்று மனைக்காரர் பதறினார்.

"இவங்க என் நாத்தனாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கலாகப் புரண்டு வந்து அத்தையின் வயலுக்குள் இறங்கியது. மற்றவர்களோடு வேன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பிற்பாடு ரோட்டுக்கு அடியில் குழாய் புதைத்துக் கொடுத்தார்கள். அத்தை அந்தப் போகம் அறுத்தாள், இன்றைக்கும் நடுகிறாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாங்கள் இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

அன்று ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் பிடித்தோம். காவிரிப் பாலத்தில் போகும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால் ஜெயித்துவிட்டு வந்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நகக்கண்ணில் மண் ஏறி வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக ஊதிவிட்டேன்.